ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு!

"மார்க்கு எத்தனை?"

பள்ளிப் பிள்ளையைப் பார்த்தால் நாம் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான். மாமன் கேட்கிறான், மளிகைக் கடைக்காரர் கேட்கிறார், பேருந்திலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், பெயர்கூடத் தெரியாதவர், அவரும் கேட்கிறார். இந்த மாதம் என்னம்மா படித்தாய், எது உனக்கு இனித்தது, எது கசந்தது, எதைக் கேட்டு நீ திகைத்து நின்றாய் என்று கேட்போர் உண்டா? நானும் கேட்டவனல்ல. மேடைக்கு மேடை கல்வி, கல்வி என்று தொண்டை வறளப் பேசுகிறவன், ஜூலை 15இலே காமராசர் பிறந்தநாளாம் கல்வி வளர்ச்சி நாளுக்குத் தவறாமல் மாலை ஏந்திச் செல்கிறவன், ஒரு குழந்தையின் புத்தகப் பையைத் திறந்து பார்த்ததில்லை! இந்த ஜூலையிலே என் வீட்டுக் கொல்லையில் ஒரு சுவர் எழும்பியது, அதனால் பார்த்தேன்.

கோடை மழையிலே பழைய சுவர் சரிந்துவிட்டது. மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்து வேலையை ஒப்படைத்தேன். நாற்பதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார், பேசினால் அளவு பற்றித்தான் பேசுவார். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டதும் அவருடைய மகள் நேரே இங்கே வந்துவிடுவாள். தாயும் வேலைக்குப் போகிறவள், வீடு பூட்டியிருக்கும். மணற்குவியலின்மேல் பை, பையின்மேல் நோட்டு, நோட்டின்மேல் குனிந்த தலை. அரசு நடுநிலைப் பள்ளியிலே ஆறாம் வகுப்பு.

அன்று கணக்குப் பாடம். பென்சிலைக் கடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தவள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, விகிதம்னா என்னப்பா?"

"எனக்கு என்ன கண்ணு தெரியும்? நான் என்ன படிச்சவனா? சாரைக் கேளு."

சொல்லி முடித்தாரோ இல்லையோ, அடுத்த மூச்சிலே, சுவருக்கு அடியிலே போடும் கான்கிரீட்டுக்குக் கலவை கூட்டிக்கொண்டிருந்த சித்தாளைப் பார்த்து உரக்கக் கூவினார்: "ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டுக்கு நாலு! எண்ணிப் போடும்மா, மாறிடப் போவுது!"

நான் சிரித்துவிட்டேன். சிரித்த மறுகணம் நெஞ்சிலே சுருக்கென்றது.

விகிதம் தெரியாது என்கிறார். விகிதத்தையே வாயிலே வைத்துக்கொண்டு தெரியாது என்கிறார்! சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, ஜல்லி நான்கு பங்கு. சிமெண்டு மூன்று சட்டி போட்டால் மணல் ஆறு, ஜல்லி பன்னிரண்டு. நாற்பது மூட்டைக்கும் அதே கணக்கு, நாலு சட்டிக்கும் அதே கணக்கு. குழந்தை கையிலிருந்த நூலிலே "விகிதம் மற்றும் விகிதசமம்" என்று தலைப்பிட்டு இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். பேனாவுக்கும் பென்சிலுக்கும், மாணவனுக்கும் மாணவிக்கும் விகிதம் காணச் சொல்லும் கணக்குகளிலே தவறினால் ஒரு மதிப்பெண் போகும். இந்த மனிதர் தவறினால் தளம் பிளக்கும், தலைமேல் விழும். இருபது ஆண்டாகத் தவறாதவர் "நான் என்ன படிச்சவனா?" என்கிறார். மகளோ, அப்பா கூவியதும் தன் நோட்டிலே உள்ளதும் வேறு வேறு என்று எண்ணிப் பென்சிலைக் கடிக்கிறாள்.

இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம். அந்தப் பத்தடியை யார் வகுத்தார்கள்? எழுத்தறிந்தவன் கருவியைத் தொடமாட்டான், கருவி பிடித்தவனை எழுத்தைத் தொட விடமாட்டார்கள் என்று ஆயிரம் ஆண்டுகளாக இங்கே நடந்த ஏற்பாடுதான் வகுத்தது. சட்டம் போய்விட்டது, தடை போய்விட்டது. தடம் மட்டும் கிடக்கிறது, மேஸ்திரியின் நாவிலே.

"பாப்பா, உன் பையைக் கொடு" என்று வாங்கிப் பார்த்தேன். எல்லாப் பாடத்தையும் ஒரே மாலையிலே புரட்டியவன் அந்தப் பள்ளியிலே என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். ஆசிரியருக்கு அவரவர் பாடம். பிள்ளைக்கு அந்தந்த மணிக்குரிய பாடம். 2018இலே புதுக்கி எழுதிய ஆறாம் வகுப்பு முதற்பருவ நூல்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறேன். எந்த நூலைத் திறந்தாலும் ஒரே பேச்சு. அளவு, அளவு, அளவு!

அறிவியலைத் திறந்தால் முதற்பாடமே "அளவீடுகள்". நீளம், நிறை, கன அளவு. அளவுகோலை எப்படி வைப்பது, எங்கிருந்து பார்ப்பது என்று சொல்கிறார்கள். நேர்மேலே கண்ணை வைத்துப் பார்த்தால் சரியான அளவு. இடப்புறம் சாய்ந்து பார்த்தால் ஒன்று, வலப்புறம் சாய்ந்து பார்த்தால் வேறொன்று. இந்தத் தவற்றுக்கு "இடமாறு தோற்றப் பிழை" என்று பெயர். என்ன அருமையான பெயர்! மாடியிலே நின்றுகொண்டு குடிசைக்காரன் வருவாயை அளப்போரையும், குளிர் அறையிலே அமர்ந்தபடி வயற்காட்டு வெயிலை அளப்போரையும் கண்டிருக்கிறேன். அவர்களுடைய நோய்க்குப் பெயர் தெரியாமல் இத்தனை நாள் தவித்தேன். பதினொரு வயதுப் பிள்ளை சொல்லிக் கொடுத்தது.

தமிழைத் திறந்தேன். பாரதிதாசனாரின் "இன்பத்தமிழ்", பெருஞ்சித்திரனாரின் "தமிழ்க்கும்மி", அதற்குப் பின்னே இலக்கணம். இலக்கணம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அங்கேயும் அளவுதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைக்கும் நேரம், கைந்நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியன் காலத்திலேயே வகுத்துவிட்டார்கள். ஒலியை அளக்கக் கோல் கிடையாது, தராசு கிடையாது. கண்ணிமையையே கோலாக்கிக் கொண்டான் தமிழன். நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள விகிதம் என்ன? இரண்டுக்கு ஒன்று. கணக்கு ஆசிரியர் தமிழ் வகுப்புக்குள் ஒரு நாள் எட்டிப் பார்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஆனால் நான் மலைத்து நின்றது வரலாற்றுப் பாடத்திலே. சிந்துவெளி நாகரிகம். 1924இலே ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தாரே, அந்த நாகரிகம். அரப்பா மேட்டின் சுட்ட செங்கற்களை, அருமை அறியாமல், லாகூர் – முல்தான் இருப்புப்பாதை போட உடைத்துக் கொட்டினார்கள் வெள்ளைக்காரப் பொறியாளர்கள்! நாலாயிரம் ஆண்டு நின்ற சான்று சரளைக் கல்லாயிற்று. மிஞ்சிய கற்களை அளந்து பார்த்தபோது ஆய்வாளர்கள் கண்டது என்ன? ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான கல் தொலைவு இருக்க, செங்கல்லின் பருமன் ஒன்று என்றால் அகலம் இரண்டு, நீளம் நான்கு!

ஒன்று, இரண்டு, நாலு! நான் நூலை மூடிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "அண்ணே, செங்கல்லுக்கு நீளம் ஏன் அகலத்தைப்போல ரெண்டு மடங்கா இருக்கணும்?"

அவர் பேசவில்லை. ஒரு கல்லை நீளவாக்கிலே வைத்தார். அதன்மேல் இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தார். அச்சாகப் பொருந்தியது. "இது இப்படி வந்தாத்தான் சார், கல்லும் கல்லும் பின்னும். இல்லேன்னா சந்து மேல சந்து விழும். சுவர் நிக்காது." மறுபடி கரணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் ஊர்ச் சூளைக் கல் ஏறத்தாழ ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம். பருமன் மாறியிருக்கிறது, நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள உறவு மாறவில்லை. ஏன் என்பதைத்தான் மேஸ்திரி மூன்று கற்களைக் கொண்டு முப்பது நொடியிலே காட்டினார். குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட்டின் ஒன்று, இரண்டு, நாலுக்கும் அரப்பாச் செங்கல்லின் ஒன்று, இரண்டு, நாலுக்கும் உறவு கிடையாது. எண்கள் ஒத்துப்போனது தற்செயல். "பார்த்தீர்களா, அன்றே அவர்கள் கான்கிரீட்டு அறிந்திருந்தார்கள்!" என்று கதை கட்டும் வேலை நமக்கு வேண்டாம். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஓய்வின்றி உழைக்கிறார்கள். சான்று உள்ள அளவுக்குப் பேசு என்று சொல்லிக் கொடுக்கத்தானே வரலாற்று நூலின் முதற்பாடத்திற்கு "வரலாறு என்றால் என்ன?" என்று தலைப்பு வைத்தார்கள். வைகைக் கரையிலே கீழடியைத் தோண்டிய தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் 2019இலே அறிக்கை வெளியிட்டபோது, கரியைச் சோதித்து, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை காலம் செல்கிறது என்று காட்டித்தான் பேசியது. அங்கே கிடைத்த பானை ஓடுகளிலே "ஆதன்" என்றும் "குவிரன்" என்றும் பெயர் கீறியிருக்கிறது. பானைக்காரன் தன் பெயரைத் தானே எழுதிய ஊர் இது! பின்னாளிலே அவன் பேரப்பிள்ளைகள் கடன் பத்திரத்திலே பெருவிரலை உருட்டினார்களே, அந்த வீழ்ச்சி எப்படி நேர்ந்தது? பிள்ளைகள் அதையும் ஒருநாள் கேட்பார்கள். கேட்கட்டும்.

குடிமையியல் பாடம் ஒன்றும் இருந்தது. "சமத்துவம் பெறுதல்". தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு முழங்குவதை மனப்பாடமாகச் சொன்னாள். 1950 சனவரி 26 என்று நாளையும் சொன்னாள். நான் பெருமிதத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தேநீர் வந்தது. எனக்கு எவர்சில்வர் தம்ளரிலே. மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் காகிதக் கோப்பையிலே.

"உங்க வீட்ல டம்ளர் கம்மியா சார்?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை அந்தக் குழந்தை. உண்மையாகவே கேட்டாள், குறைவாக இருந்தால் தன் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்ற முகம். ஒரு வாரமாக என் வீட்டிலே நடக்கிறது இது. திட்டமிட்டு யாரும் செய்யவில்லை. "கழுவுற வேலை மிச்சம்" என்றுதான் தொடங்கியது. அப்படியானால் எனக்கும் காகிதக் கோப்பையிலே வந்திருக்க வேண்டும் அல்லவா? மேடையிலே இரட்டைக் குவளைக் கொடுமையைச் சாடி நான் பேசிய பேச்சுக்கு எத்தனை கைதட்டல்! என் கொல்லையிலே இரட்டைக் குவளை இருந்தது, எனக்குத் தெரியவில்லை. இடமாறு தோற்றப் பிழை! மறுநாளிலிருந்து தம்ளர் எல்லாருக்கும் ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இனி வேறொரு சங்கதி. இந்த இடத்திலே நண்பர் ஒருவர் என் கையைப் பற்றுகிறார். "ஏனய்யா, எங்கே போகிறாய்? கொத்தன் மகளுக்குக் கொத்து வேலையையா பாடமாக வைக்கச் சொல்கிறாய்? 1953இலே ஆச்சாரியார் இதைத்தானே சொன்னார்? அதை எதிர்த்துத்தானே உன் பெரியவர்கள் சிறைக்குப் போனார்கள்?"

கேட்க வேண்டிய கேள்வி. கேட்காமல் விட்டால்தான் ஆபத்து.

அந்தத் திட்டம் என்ன சொன்னது? கிராமத்துத் தொடக்கப் பள்ளியிலே பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் ஏடு. மீதி நேரம் தகப்பன் தொழில். குயவன் மகன் சக்கரத்தடியிலே, வண்ணான் மகன் துறையிலே. வழக்கறிஞர் மகன் எங்கே? அவன் தகப்பனார் தொழிலும் ஏடுதான், ஆகவே அவனுக்கு நாள் முழுதும் ஏடு! குலக்கல்வி என்று நாடு சீறி எழுந்தது. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். 1953 ஜூலையிலே கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தத் திட்டத்தின்மீது பாய்ந்தது. 1954இலே காமராசர் முதலமைச்சரானார், அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. ஏட்டைப் பாதியாக வெட்டி, வெட்டிய பாதிக்கு ஈடாகக் கரணையைக் கொடுத்த திட்டம் அது. மேஸ்திரியின் வயதுக்கு அது தெரியாது. அவருடைய பாட்டனுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது, ஏட்டிலே ஒரு வரி குறையக் கூடாது, பள்ளி நேரத்திலே ஒரு மணி குறையக் கூடாது. பிள்ளையைத் தகப்பனின் வேலைத்தலத்துக்கு அனுப்பாதீர்கள். தகப்பனைப் பள்ளிக்கு அழையுங்கள். விகிதப் பாடம் நடக்கும் மாதத்திலே ஒரு பிற்பகல், மேஸ்திரி ஒருவர் வகுப்பின்முன் நின்று, மூன்று செங்கல்லும் நான்கு சட்டியும் வைத்துக்கொண்டு பேசட்டும். கேட்பவர்கள் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்லர். கடைக்காரர் மகன், காவலர் மகள், ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, எல்லாரும் கேட்கட்டும். ஒரு சாதிக்கு ஒரு தொழில் என்ற கட்டு அவிழ்வதற்கு, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலின் அறிவையும் காணும் வகுப்பறையைவிட நல்ல இடம் எது?

இந்தப் பெண் கொத்தனார் ஆகப்போகிறாளா? கேட்டேனே! "கடல்ல வேலை பார்க்கணும்" என்றாள். "ஏம்மா, கடலைப் பார்த்திருக்கியா?" "இல்லை. இங்கிலீஷ்ல ஆமைப் பாடம் வந்துச்சு." ஆங்கில நூலின் முதற்பாடம் கடலாமைகள் பற்றியது. போதுமே! குலத்தொழில் எங்கே, கடலாமை எங்கே! அப்பாவுக்குத் தெரிந்த விகிதம் அவளுக்குப் படிக்கட்டு. ஏறி அவள் எங்கே போகிறாள் என்பது அவள் பாடு.

மேல் வகுப்புக்குப் போனாலும் இதே கதைதான். கட்டடத்துக்கு மூலை பிடிக்கும்போது மேஸ்திரி கயிற்றிலே ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து குறியிடுகிறார். குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. எட்டாம் வகுப்பிலே பிதாகரசு தேற்றம் என்று இதைப் படிக்கிறார்கள்: மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16, கூட்டினால் 25, அது ஐந்தின் வர்க்கம். நீண்ட குழாயிலே தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இரு மூலையிலே பிடித்து மட்டம் பார்க்கிறாரே, அது எட்டாம் வகுப்பு அறிவியலின் திரவ அழுத்தம். தையற்காரர் கோணம் அறிவார். செவிலியம்மை "உடல் நலமும் சுகாதாரமும்" பாடத்தை நூலாசிரியரைவிடத் தெளிவாகச் சொல்வார். ஒவ்வொரு தெருவிலும் ஒரு பல்கலைக்கழகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்குள் நுழையக் கூச்சப்பட்டுக்கொண்டு!

அதற்கு வழி கிடையாதா? உண்டு, சட்டத்திலேயே உண்டு. 2010இலே நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிலே 2022இலே இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கூட்டத்திலே கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று பேசுகிறோம். பேச வேண்டியவையே. கூடவே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "வருகிற மாதம் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளிலே என்னென்ன பாடம்? அதைக் கையாலே அறிந்தவர் நம்மில் யார்?" தலைமையாசிரியர் ஒரு தாளிலே எழுதி வாயிற்கதவில் ஒட்டினால் போதும். ஆசிரியர்கள் ஏற்கெனவே புள்ளிவிவரங்களைக் கணினியிலே ஏற்றி ஏற்றி அலுத்திருக்கிறார்கள். இதற்கென்று இன்னொரு படிவம் அச்சடித்துவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்!

மேஸ்திரி பள்ளிக்கு வந்தால் அரை நாள் கூலி போகுமே? போகும். அந்தக் கூலியைப் பள்ளி கொடுக்க வேண்டும். கருத்தரங்குக்கு வரும் பேராசிரியருக்குப் பயணப்படி உண்டு, தங்க அறை உண்டு. மேஸ்திரிக்கு மட்டும் ஒரு பொன்னாடையைப் போர்த்திக் கைதட்டி அனுப்பிவிடுவதா? பொன்னாடையை வைத்து அவர் வீட்டிலே உலை கொதிக்குமா?

"தேர்விலே இது வருமா?" என்று ஒரு குரல். எட்டாம் வகுப்பு வரையில் தேர்வுப் பேயை விரட்டித்தானே வைத்திருக்கிறோம்! 2019இலே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள், நாடு எதிர்த்தது, 2020 பிப்ரவரியிலே கைவிட்டார்கள். விரட்டிய இடத்திலே எதையாவது நட வேண்டாமா? வெறுந்தரையாகக் கிடந்தால் பேய் திரும்பி வரும்.

கசப்பான ஒன்றும் இருக்கிறது. குழந்தை சொன்னாள்: "எங்க கிளாஸ்ல சில பேருக்குப் பாடம் வாசிக்கவே வராது சார்." கொரோனாக் காலத்துப் பூட்டிய பள்ளிகள் விட்டுச்சென்ற புண் அது; அதற்கு முன்பும் இருந்த புண்தான், அப்போது பெரிதாயிற்று. 2021இலே "இல்லம் தேடிக் கல்வி", 2022இலே சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்", 2025இலே ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியோருக்குத் "திறன்" என்று அரசு அடுத்தடுத்து மருந்து போட்டு வருகிறது. போட வேண்டும், ஆறும்வரை போட வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் செங்கல்லைக் காட்டினால் போதும் என்று நான் சொன்னால் 1953க்கே திரும்பிப் போனவனாவேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்து வரும்வரை சிந்தனையைப் பூட்டி வைக்காதீர்கள். மூன்று கல்லை அடுக்கி விகிதம் புரிந்துகொண்டவன், அந்தச் சொல்லை ஏட்டிலே காணும்போது அதை அறிந்த முகமாகக் காண்பான். எழுத்துக் கூட்டிப் பார்க்க அவனுக்கு ஒரு ஆசை பிறக்கும்.

சுவர் முக்கால் பங்கு எழும்பியபோது மணல் தீர்ந்துவிட்டது. இரண்டு யூனிட்டுக்குச் சொல்லியனுப்பினேன். லாரி வந்தது மாலையிலே, பள்ளி விட்ட பிறகு. மணல் விற்பவன் கணக்கிலே யூனிட் என்றால் நூறு கன அடி. மேஸ்திரி லாரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

"கண்ணு, ஏறு. நீளம் சொல்லு."

அவள் லாரியிலே ஏறினாள். நீளம் பத்தடி. அகலம் ஆறடி. மணலுக்குள்ளே ஒரு கம்பியைக் குத்தி அடி வரை இறக்கி, கண்ணை நேரே வைத்துப் பார்த்தாள், இப்படியும் அப்படியும் சாயாமல். ஆழம் மூன்றடி. இறங்கி வந்து, பையின்மேல் நோட்டை விரித்து, பென்சிலைக் கடிக்காமல் எழுதினாள். பத்தை ஆறால் பெருக்கி, மூன்றால் பெருக்கி.

"நூத்தி எண்பதுதான்ப்பா இருக்கு. இருநூறு வரணும்."

லாரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

"பத்திலே ஒரு பங்கு குறையுது" என்றார் மேஸ்திரி. "பத்திலே ஒரு பங்கு காசைக் குறைச்சுக்கிடுங்க."

"யாருய்யா இந்தப் பொண்ணு?"

"என் மக. ஆறாவது படிக்குது."